பக்கத்து ஸ்லாட்

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஜெபராணி என்ற ஆசிரியை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்து வந்தார். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் திருப்புளியை எடுத்துக் கையில் கொடுப்பார். உடனே பதில் வேண்டுமென்பவர்கள் சீக்கிரமே வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள்.

போகாமல் இருந்தவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆலை மூடியபின் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வோம் என்று வந்தார். அவர் ஜெபராணியை டீச்சர் என்பார். ஜெபராணி அவரை அண்ணாச்சி என்பார்.

ஒருநாள் காலை ஆவுடையப்பன் ஒரு பழைய சிபியூவைப் போர்வையில் சுற்றி, மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வந்தார்.

"யாரோடது?" என்று கேட்டார் ஜெபராணி.

"என் மகளோடது, டீச்சர். ப்ளஸ் டூ படிக்கையில வாங்கிக் கொடுத்தது."

"என்ன செய்யுது?"

"ஆமை மாதிரி ஓடிக்கிட்டிருந்தது. மெமரி கூட்டினா வேகம் வரும்னு புதுசா ஒண்ணு வாங்கிப் பழசுக்குப் பக்கத்து ஸ்லாட்ல போட்டேன். அதோட சரி. ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரல. கூவிக்கிட்டே இருக்கு."

ஜெபராணி மின்சாரத்தைக் கொடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப் ஒலி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜெபராணி தன் மேசைக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் சின்னப் பட்டை போன்ற அந்தப் புதிய மெமரியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். பீப். வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினார். பீப். மதியம் கடைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தார். அதற்கும் அதே பீப்.

"ரெண்டாவதும் கோளாறு, டீச்சர்."

"அப்படியா?"

"இல்ல, இந்த போர்டுக்கு ஆகாத ரகமா இருக்கும்."

ஜெபராணி எழுந்து வந்து அந்தப் புதிய மெமரியை வெளிச்சத்தில் பிடித்து, அதில் எழுதியிருந்ததைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ஆகுற ரகம்தான்."

ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு சம்பந்தமில்லாததுபோல் ஆரம்பித்தார்.

"டீச்சர், ஒரு விஷயம் கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"என் வீட்டுக்காரி தவறிப்போய், ரொம்ப நாள் கழிச்சு நான் செண்பகத்தைக் கட்டிக்கிட்டேன். தங்கமான பொம்பள. சேரன்மாதேவிக்காரி. ஒரு கடுஞ்சொல் கிடையாது. இந்தக் கம்ப்யூட்டரைக்கூட அவதான் சரிபண்ணச் சொன்னா. 'வடிவு வந்தா அவளுக்கு ஆகட்டும்'னா."

"வடிவுதான் உங்க மகளா?"

"ஆமா. கோயம்புத்தூர்ல ரத்தப் பரிசோதனை பண்ற இடத்துல வேலை. கல்யாணத்துக்கு வந்து போட்டோவுக்கு நின்னா. அப்புறம் ஒரு தடவை வந்தா. அவ்வளவுதான். தீபாவளிக்கும் வரல, பொங்கலுக்கும் வரல. நான்தான் போன் பண்ணுதேன். சித்தி உன்னைக் கேட்டா, சித்தி உனக்கு முறுக்கு சுட்டு வச்சிருக்கா, சித்தி உன் தலையணைக்குப் புது உறை போட்டிருக்கான்னு ஒவ்வொண்ணா சொல்லுதேன். 'சரிப்பா, வேலை இருக்கு'ன்னு வச்சிருதா."

அவர் குரல் தணிந்தது.

"சாயங்காலமானா வாசல்ல போய் நிக்கேன், டீச்சர். வரமாட்டான்னு தெரியும். ஆனாலும் நிக்கேன். செண்பகத்துக்கிட்ட என்ன குறை? ஏன் வடிவால அவளை ஏத்துக்க முடியல?"

ஜெபராணி திருப்புளியை அவர் கையில் கொடுத்தார்.

"புதுசை எடுத்துருங்க. பழசு மட்டும் இருக்கட்டும். போட்டுப் பாருங்க."

"பழசுல என்ன, டீச்சர்? இத்தனை வருஷமா ஓடுனது."

"போட்டுப் பாருங்க."

ஆவுடையப்பன் புதிய மெமரியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பழையது மட்டும் தன் இடத்தில் இருந்தது. சுவிட்சைத் தட்டினார்.

பீப்.

அவர் முகம் வெளுத்தது. "இது இப்படிப் பண்ணினதே இல்லையே. நான் இதைத் தொடவே இல்லையே. டீச்சர், இது போயிடுச்சா? அவ படிச்ச கம்ப்யூட்டரை நான் கெடுத்துட்டேனா?"

"இதை எப்பப் பாத்தீங்க?"

"எதை?"

"பழசை."

"அதை எதுக்குப் பாக்கணும்? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது."

"வயரைப் பிடுங்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

ஆவுடையப்பன் வயரைப் பிடுங்கினார். குனிந்து, பழைய மெமரியின்மேல் விரல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். ஒரு முனை இறுக்கமாக இருந்தது. மறுமுனையில் விரல் லேசாக மேலே ஏறியது. அந்தப் பக்கத்துக் கிளிப் திறந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு இடைவெளி. விரலுக்குத் தெரிந்தது.

"ஒரு பக்கம் எழும்பியிருக்கு, டீச்சர்."

"பக்கத்துல புதுசைப் போடையில எப்படி அழுத்தினீங்க?"

"நல்லாத்தான் அழுத்தினேன். இறுக்கமா இருந்தது. போர்டே கொஞ்சம் வளைஞ்சது." அவர் நிறுத்தினார். "அப்பதான் இது..."

ஜெபராணி மேசை இழுப்பறையிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

ஆவுடையப்பன் பழைய மெமரியை மெல்ல வெளியே எடுத்தார். பொன்னிறமாக இருக்க வேண்டிய இணைப்புப் பற்களில் கறுப்பு ஏறியிருந்தது. மேல்விளிம்பில் தூசி படிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. அவர் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். அவசரப்படவில்லை. தேய்க்கும்போது கண் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு, போர்டின் அடியில் ஒரு கையைத் தாங்கலாக வைத்து, பழையதை அதன் இடத்தில் பொருத்தினார். இரண்டு பக்கமும் டக்கென்று கிளிப் விழுந்தது.

திரை வெளிச்சமானது.

அதன்பின் புதியதையும் போட்டார். அதுவும் வந்தது. இரண்டும் சேர்ந்த அளவு திரையில் தெரிந்தது.

"புதுசுல ஒண்ணுமே இல்ல" என்றார் ஆவுடையப்பன், தனக்குத்தானே.

"நாளைக்கு வகுப்புக்கு வாரீங்களா, அண்ணாச்சி?"

"இல்ல, டீச்சர். நாளைக்குக் கோயம்புத்தூர் போறேன்."

மறுநாள் காலை செண்பகம் ஒரு தூக்குவாளியில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"செண்பகம், இந்தத் தடவ வேண்டாம்."

அவள் கை நின்றது. முகம் ஒரு கணம் வாடியது. ஏன் என்று கேட்கவில்லை. அடுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் திரும்ப வைத்தாள்.

"வெயிலா இருக்கும். துண்டு எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது வடிவு வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன்னைப் பாக்க வந்தேன்."

அருகிலிருந்த பேக்கரியில் உட்கார்ந்தார்கள். டீயும் ஒரு தேங்காய் பன்னும் வந்தன. வடிவு அவர் கையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"சித்தி ஒண்ணும் கொடுத்துவிடலையா?"

செண்பகம் முறுக்கைத் திரும்ப டப்பாவில் வைத்தது அவர் கண்ணில் வந்தது. சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"நீ எப்படி இருக்க, வடிவு?"

"நல்லா இருக்கேன்."

"இல்ல. எப்படி இருக்க?"

அவள் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் காத்திருந்தார். டீயில் ஆடை படிந்தது.

"அம்மா செத்த அன்னைக்கு நீங்க அழுதீங்க" என்றாள் வடிவு. "எல்லாரும் உங்களைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அடுக்களையில இருந்தேன். வந்தவங்களுக்குக் காப்பி கொடுத்த தம்ளர் எல்லாம் கழுவிக்கிட்டிருந்தேன். ஒருத்தரும் வந்து பாக்கல."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னுதான் சொல்லுதேன்."

அவர் தலைகுனிந்தார்.

"சித்திகிட்ட எனக்கு ஒரு கோபமும் இல்லப்பா. அவங்க நல்லவங்கன்னு எனக்கும் தெரியும். நீங்க போன்ல சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல. நான் கடைசியா வந்தப்ப, ராத்திரி படுக்கப் போறேன்னு சொன்னேன். அவங்க ஓடிப்போய்ப் பாய் எடுத்துக் கொடுத்தாங்க. தண்ணிச் செம்பு வச்சாங்க. 'வேற ஏதாவது வேணுமாம்மா'ன்னு கேட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "என் வீட்டுல எனக்குப் பாய் எடுத்துக் கொடுக்காங்கப்பா. நான் விருந்தாளி ஆயிட்டேன். நீங்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. உங்களுக்குச் சந்தோஷம். அவங்க என்னை எவ்வளவு நல்லா கவனிக்காங்கன்னு."

ஆவுடையப்பனுக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது. அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அவள் இன்னும் நிறையச் சொன்னாள். அம்மாவின் கண்ணாடி வளையல்களை எங்கே வைத்தீர்கள் என்றாள். உங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னீர்கள், என்னைக் கேட்கவில்லை என்றாள். சிலவற்றுக்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. பேக்கரிக்காரர் வந்து டேபிளைத் துடைத்துவிட்டுப் போனார். வடிவு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தேங்காய் பன்னைப் பிய்த்துப் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

அவர் சாப்பிட்டார்.

பஸ் ஏற்றிவிட அவளும் வந்தாள். வீட்டுக்கு வா என்று கேட்க அவருக்கு நாக்குவரை வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பஸ் நகர்ந்தது. அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டத்தில் அவள் சிறிதாகிக்கொண்டே போனாள். பஸ் திரும்பும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் விடிகாலையில் வீட்டுக்கு வந்தபோது செண்பகம் ஒன்றுதான் கேட்டாள்.

"நல்லா இருக்காளா?"

"மெலிஞ்சிருக்கா."

செண்பகம் தலையசைத்தாள். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் அவர் மாடியேறி வந்தபோது ஜெபராணி ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். தலை நிமிரவில்லை.

ஆவுடையப்பன் நடந்ததையெல்லாம் சொன்னார். தம்ளரைச் சொன்னார், பாயைச் சொன்னார். ஜெபராணி கேட்டுக்கொண்டே வேலை செய்தார்.

"வாரேன்னு அவ சொல்லல, டீச்சர்."

ஜெபராணி ஒரு சின்ன ஸ்ப்ரிங்கைக் காகிதத்தின்மேல் எடுத்து வைத்தார்.

"பஸ் திரும்புற வரைக்கும் நின்னா. ஆனா வாரேன்னு சொல்லல. எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. முன்னைவிட இப்பத்தான் அதிகமா இருக்கு, டீச்சர். முன்னே வாசல்ல நின்னா சும்மா நிப்பேன். நேத்து நிக்க முடியல, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தேன்." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவ எப்ப வருவா, டீச்சர்?"

ஜெபராணி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"நீங்க மறுபடி எப்பப் போறீங்க, அண்ணாச்சி?"