அணிக்காக ஆடு

பூசணிப்பட்டிக்குக் கிரிக்கெட் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. வந்த நாளிலிருந்து அந்த ஊர் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை என்பது மட்டும் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அதற்குப் பூசணிப்பட்டிக்காரர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: செந்தட்டி.

செந்தட்டிக்கு மட்டை பிடிக்கத் தெரியும். அணியில் மற்ற யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாப் பந்தையும் அவனே ஆடுவான். எதிர்முனையில் நிற்பவனை "வா வா" என்று கூப்பிட்டுப் பாதி வழி வரவழைத்து, "போ போ" என்று திருப்பி அனுப்புவான். வந்தவன் போய்ச் சேர்வதற்குள் அவுட். போன வருசம் இப்படி ஐந்து பேரைத் தீர்த்துவிட்டு முப்பத்தொன்று எடுத்தான். மேட்ச் போயிற்று. "நான் முப்பத்தொண்ணு எடுத்தேன். தோத்தது நீங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை பாக்கி. திருவிழா மேட்சில் அரை சதம் அடிக்க வேண்டும், விழாக் கமிட்டிக்காரர்கள் தோளில் சால்வை போட வேண்டும்.

இந்த வருசம் மேலக்குறிச்சியோடு மோத வேண்டியிருந்தது. கேப்டன் தவமணி, டவுன் பள்ளிக்கூடத்து பி.டி. சார் ஞானதுரையைக் கூட்டிவந்து முறையிட்டான். சார் பொறுமையாகக் கேட்டார். கண்மாய்க்கரைப் பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்.

"முதலில் அணிக்காக ஆடு. பிறகு உனக்காக ஆடு. விட்டுக் கொடு. சேர்ந்து ஓடு."

"இத அப்படியே செய்ங்கடே. ஒரு எழுத்து மாறக் கூடாது," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். சார் நல்ல மனிதர். பூசணிப்பட்டிக்காரர்களிடம் 'அப்படியே' என்று மட்டும் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

பதினோரு பேரும் சுவருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். விக்கெட் கீப்பர் உலகநாதன் எட்டாவது வரை படித்தவன். எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அவன் பேச்சுதான் எடுபடும்.

"அணிக்காக ஆடு," என்று இரண்டு தடவை வாசித்தான். "ஆடு ஒண்ணு வேணும்னு சொல்லுதாரு."

"எந்த ஆடுன்னு போடலையே," என்றான் தவமணி. "வெள்ளாடா, செம்மறியா?"

"சாக்பீஸ் என்ன கலரு?"

"வெள்ளை."

"அப்போ வெள்ளாடு."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"கறி வச்சுத் திங்கவால?" என்று கேட்டான் தங்கப்பழம். அவன் அணியில் கடைசி ஆள். எப்போதும் பசியோடு இருப்பவன்.

"அணிக்குன்னு போட்டிருந்தா திங்கலாம். அணிக்காகன்னுல்லா போட்டிருக்கு. நமக்காக அது நிக்கணும். பதினொண்ணாவது ஆளா."

பத்து முகங்களும் செந்தட்டி பக்கம் திரும்பின. ஊரிலேயே வெள்ளாட்டுக் கிடா அவன் வீட்டில்தான் இருந்தது. மயிலை என்று பேர். மகளுடைய காதுகுத்துக்காக அய்யனாருக்கு நேர்ந்துவிட்டது.

"அது சாமி கிடாலே," என்றான் செந்தட்டி. "அதக் குடுத்தா பேச்சி என்னைய வீட்டுக்குள்ளயே விட மாட்டா."

"பாத்தீங்களாலே. எப்பவும் என் வீடு, என் பொண்டாட்டி," என்று தவமணி மனசு நொந்தான். "ஆடு இல்லன்னா உனக்கு டீம்ல இடம் இல்ல."

உலகநாதன் இரக்கமுள்ளவன். "ரெண்டாவது வரியப் பாருலே. 'பிறகு உனக்காக ஆடு.' இப்ப ஒண்ணு குடுத்தா, பிறகு உனக்கு ஒண்ணு வருது. சாரு எழுத்துலயே குடுத்திருக்காரு."

செந்தட்டி யோசித்தான். போவது ஒரு ஆடு, வருவது ஒரு ஆடு, நடுவில் அரை சதம். தனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு அணிப்பற்று பொங்கிவிட்டது.

மேட்ச் அன்று கயிற்றை அவிழ்க்கும்போது மனைவி பேச்சித்தாய் வாசலில் வந்து நின்றாள். "கிடா இல்லாம இந்தப் படி ஏறிராதீங்க. அய்யனாருக்கு என்னால பதில் சொல்ல முடியாது," என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். அவன் படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிடாவை இழுத்துப் போனான்.

மயிலைக்கு இடம் வேண்டும் என்பதால் யாராவது ஒருவன் வெளியே நிற்க வேண்டும். 'விட்டுக் கொடு' என்றுதான் எழுதியிருக்கிறதே, செந்தட்டி தவிர பத்துப் பேரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அணியில் செந்தட்டியும் கிடாவும் மட்டும் மிச்சம். அப்புறம் சீட்டுக் குலுக்கி ஒன்பது பேரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். வெளியே நின்ற தங்கப்பழத்துக்கு அகத்திக்கீரைக் கட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அம்பயர் மயிலையைப் பார்த்துத் தயங்கினார். ஆடு ஆடக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. மேலக்குறிச்சிக்காரர்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அவர்கள் முதலில் ஆடி ஓட்டங்களைக் குவித்தார்கள். மயிலை பவுண்டரிக் கோட்டில் மேய்ந்துகொண்டே ஃபீல்டிங் செய்தது. ஒரு கேட்ச்கூட அது கைநழுவ விடவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொன்று விட்டார்கள்.

பிறகு பூசணிப்பட்டி மட்டை எடுத்தது. தவமணி முதல் பந்தை விட்டான். ஸ்டம்ப் பறந்தது. விட்டாயிற்று, கொடுப்பது பாக்கி. நேரே பந்து வீசியவனிடம் போய் மட்டையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

அடுத்து உலகநாதன். பந்தைத் தட்டிவிட்டு அசையாமல் நின்றான். எதிர்முனையிலிருந்து செந்தட்டி ஓடிவந்து சேர்ந்தான்.

"ஓடுல, எதுக்கு நிக்க?"

"உனக்காகத்தான் நிக்கேன். சேர்ந்து ஓடணும்னா ஒரே இடத்துலருந்துதான கெளம்பணும்?" என்று உலகநாதன் அவன் கையைப் பிடித்தான். "இப்ப வா, போவோம்."

செந்தட்டி கையை உதறிவிட்டுக் கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டான். உலகநாதன் தனியாகப் போய் அவுட் ஆனான். அவனுக்குப் பின்னால் வந்த ஏழு பேரும் அதே இடத்தில் நின்று, அதே மாதிரி கை நீட்டி, அதே மாதிரி தனியாகப் போனார்கள். இடையிடையே செந்தட்டி மட்டும் நாலும் ஆறுமாக விளாசிக்கொண்டிருந்தான்.

கடைசிப் பந்து. இரண்டு எடுத்தால் வெற்றி, ஒன்று எடுத்தால் சமம். செந்தட்டி நாற்பத்தொன்பது. எதிர்முனையில் மயிலை.

அவன் ஓங்கி அடித்தான். பந்து கண்மாய்ப் பக்கம் உருண்டது. மேலக்குறிச்சிக் கீப்பருக்குப் பின்னால் நின்ற தங்கப்பழம் அகத்திக்கீரையை ஆட்டினான். மயிலை பாய்ந்து வந்தது. முதல் ஓட்டம் முடிந்தது. அரை சதம்.

செந்தட்டி மட்டையை உயர்த்தினான். வானத்தைப் பார்த்தான், மண்ணை முத்தமிட்டான். இன்னொன்று ஓட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. தங்கப்பழத்துக்கு மறக்கவில்லை. கீரைக்கட்டோடு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடினான். மயிலையும் திரும்பி ஓடியது. செந்தட்டி நிற்கும் கோட்டை எட்டி, அவனை ஒரு பார்வை பார்த்தது. மறுமுனையில் ஆள் இல்லை. கீப்பர் பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டினார்.

"யாரு அவுட்?" என்றார் அம்பயர்.

"ஆடுதான்," என்றான் செந்தட்டி. "நான் நாட் அவுட்."

சமநிலை. பூவா தலையா போட்டார்கள். தவமணி கேட்ட தலையே விழுந்தது. பூசணிப்பட்டி முதன்முதலாக ஜெயித்தது. தவமணி கோப்பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரை நினைத்து, மேலக்குறிச்சிக் கேப்டனிடம் விட்டுக்கொடுத்துவிட்டான்.

சால்வையைப் போட்டுக்கொண்டு செந்தட்டி கயிற்றைக் கேட்டான். "நான் அம்பது எடுத்தேன். தோத்தது நீங்க. என் ஆட்டக் குடுங்க."

"டீமுக்காக ரெண்டாவது ஓட்டம் ஓடுனது அது ஒண்ணுதான். அதக் குடுக்க முடியாது," என்றான் தவமணி. "உனக்கு ஆடு பிறகுன்னு போட்டிருக்கு. எப்பன்னு போடல. காத்திரு."

மயிலை தவமணி வீட்டுத் தொழுவத்தில் அணிச் சொத்தாகக் கட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் போக வழியில்லாத செந்தட்டி, பக்கத்தில் சால்வையை விரித்துக் கிடந்தான். மயிலை அவ்வப்போது அந்தப் பார்வை பார்த்தது. அவனுக்கு நெஞ்சு உறுத்தியது. இதற்கு முன்னால் உறுத்தியதே இல்லை என்பதால் நெஞ்சுவலி என்றே முதலில் பயந்தான்.

திங்கட்கிழமை ஞானதுரை சார் வந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆடுன்னா ஆடு இல்லடே," என்றார் கடைசியில். "ஆடு."

"அதத்தான் சார் நாங்களும் செஞ்சோம்."

சார் சுவரில் எழுதியிருந்ததைச் சட்டைக் கையாலேயே அழித்தார். சந்தேகத்துக்கே இடமில்லாமல் புதிதாக எழுதினார்: "அணிக்காக விளையாடு." திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

உலகநாதன் வாசித்தான். வாசித்தவன் முகம் மலர்ந்தது.

"விலையாடு. விலைக்கு வாங்குன ஆடு. சும்மா குடுத்த ஆடு செல்லாதாம்லே. அதான் கோப்பை போயிருச்சு."

"வேற 'ள' போட்டிருக்காரே," என்றான் தவமணி.

"பி.டி. சார்தானல. தமிழ் ஐயாவா என்ன?"

அந்த நிமிசமே மயிலையின் கயிறு செந்தட்டி கைக்கு வந்தது. அவன் படி ஏறினான். பேச்சித்தாய் கிடாவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். அவனுக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம், பத்துப் பேரும் வரிசையாக வாசலில் வந்து நின்றார்கள். ஊர் முழுக்கத் தேடியும் வேறு கிடா இல்லை.

"மயிலைய விலைக்குத் தா," என்றான் தவமணி.

செந்தட்டிக்கு நெஞ்சு மறுபடியும் உறுத்தியது. கயிற்றை அவிழ்த்து நீட்டினான். "உங்க எல்லாரையும் அவுட் ஆக்கினவன்லே நான். விலை எதுக்கு? நம்ம டீமுக்குத்தான, சும்மாவே கொண்டு போங்க. பேச்சிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தவமணி கயிற்றைத் தொடாமல் பின்வாங்கினான்.

"சும்மா குடுத்தா செல்லாதுன்னு தெரிஞ்சும் சும்மா குடுக்கான் பாருங்க," என்றான். "இவன் சுயநலம் சாகுற வரைக்கும் போகாதுலே."