அடை கனத்தில் ஒரு சட்டை

மணற்காட்டுக்குப்பத்தில் புத்தியை எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டிருந்தார்கள். அதனால் யாருக்கும் அதிகம் கிடைக்கவில்லை. சண்டையும் இல்லை.

அங்கே பலகை மேல் நின்று அலை ஓட்டுவதில் எட்டியப்பனை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் மார்கழிப் போட்டி வந்தால் போச்சு. விடியற்காலைத் தண்ணீரில் பல் கிடுகிடுவென்று அடிக்க, பாதியிலேயே கரையேறிவிடுவான். இரண்டு வருஷமாக இதே கதை.

"இந்த வாட்டியும் நடுங்கிக்கிட்டு வந்தீங்கன்னா எங்க அண்ணனுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? தூளியில கிடக்கிற புள்ளகூட சிரிக்கும்," என்றாள் பெண்டாட்டி செங்கேணி.

எட்டியப்பன் பாதிச் சோற்றில் எழுந்தான். தனக்கு அலை ஓட்டச் சொல்லிக்கொடுத்த கோச்சுக்குப் போன் போட்டான்.

"டவுன் கடையில, குளிருக்கு உடம்போட ஒட்டிப் போடுற ரப்பர் சட்டை ஒண்ணு வாங்குப்பா. ரெண்டு எம்.எம்.னா தோசை கனம், மூணுன்னா சப்பாத்தி, அஞ்சுன்னா அடை. உங்க கடல் எவ்வளவு குளிருதுன்னு கடைக்காரருக்குத் தெரியணும். அதுக்குத் தக்கபடி எடுத்துக் குடுப்பாரு," என்றார் அவர்.

எட்டியப்பன், சித்தப்பா மகன் தேசப்பன், செங்கேணியின் தம்பி மாசிலாமணி மூன்று பேரும் கூடி யோசித்தார்கள்.

"வாயால சொன்னா கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?" என்றான் தேசப்பன். "தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

"அதுக்காகக் கடலையா தூக்கிட்டுப் போறது?" என்றான் மாசிலாமணி.

"முழுசும் எதுக்குடா? ஒரு குடம் போதும்."

விடியற்காலையில் குடம் நிறைய மொண்டுகொண்டு பஸ் ஏறினார்கள்.

"குடத்துல இன்னாய்யா?" என்றார் கண்டக்டர். "கடல் சார்." "சிந்தாம வையி."

சிந்தக் கூடாதே என்று டிரைவர் பக்கத்தில் இருந்த இன்ஜின் பெட்டி மேல் வைத்து, மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். கை சுட்டது. ஆனாலும் விடவில்லை.

டவுனில் கடைக்காரர் விரலை விட்டுப் பார்த்தார். "இதுல குழந்தையக் குளிப்பாட்டலாம் போல இருக்கே! இதுக்கு எதுக்குய்யா சட்டை?"

மூன்று பேரும் வாசலில் குந்திவிட்டார்கள்.

"கடல்ல குளிர் இல்ல," என்று மெதுவாக ஆரம்பித்தான் மாசிலாமணி. "ஆனா மாமா எறங்கினா குளிருது. அப்போ குளிர் எங்க இருக்கு?"

இரண்டு பேரும் எட்டியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா நானா கடலைக் குளிர வெச்சேன்? பாவம்டா மீனுங்க!"

"அழுவாத மாமா. உன் குளிர் வெளிய கசியாம இருந்தாப் போதும்," என்ற மாசிலாமணி கடைப் பக்கம் திரும்பினான். "அண்ணே, இருக்கறதுலயே கெட்டியானதா குடுங்க."

கடைக்காரர் அடை கனத்தையே எடுத்துக் கொடுத்தார்.

போட்டியன்று தேங்காய் எண்ணெய் தடவி எட்டியப்பனைச் சட்டைக்குள்ளே திணித்தார்கள். மற்றவர்கள் உதடு நீலம் பாரித்துக் கரையேற, அவன் மட்டும் கடலுக்குள் வேர்த்து ஒழுக அலை மேல் நின்றான். கோப்பை அவனுக்குத்தான். செங்கேணியின் அண்ணன்மாரே முதலில் கை தட்டினார்கள்.

"சரியான கனமா எடுத்திருக்கியே!" என்று தட்டிக்கொடுத்த கோச்சு, "போதும், கழட்டு," என்றார்.

தேசப்பன் பாய்ந்து ஜிப்பைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ சார், அம்புட்டுக் குளிரும் உள்ள இருக்கு! ஊரு தாங்காது!"

அதனால் கழட்டவில்லை. தை போனது, மாசி போனது. சித்திரையும் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எட்டியப்பன் வீட்டு வாசலில் குப்பமே வரிசை கட்டி நின்றது.

"எட்டியப்பா, புழுக்கம் தாங்கலடா. அந்த ஜிப்பைக் கொஞ்சம் எறக்கேன்."

அவன் நாலு விரல் அளவு இறக்குவான். "ஆகா, ஜில்லுன்னு இருக்குடா!" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள்.

உள்ளேயிருந்து செங்கேணி கத்துவாள்: "முழுசாத் தொறந்துடாதீங்க! புள்ளைக்குச் சளி புடிச்சிக்கும்!"