கீழ்க்கல் உருண்டதும் பிழம்பு அடங்கியதும்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, நெருப்புக்கும் வாய் இருந்தது. இரண்டும் ஓயாமல் பேசின. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் மூக்காயி. செம்பாறை மலையில் இரும்பு காய்ச்சிப் பிழைத்தவள்.

அந்த வருஷம் ஏழு மாதம் விடாத மழை. நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. மூக்காயியின் நாத்தனார் பேச்சி பெற்ற பச்சைப்பிள்ளை, குளிரில் விறைத்துப் பால் குடிக்கவும் வாய் திறக்காமல் கிடந்தது. மூக்காயி மலையுச்சிக்கு ஏறி, மேகத்துக்கு நடுவே எட்டிப் பார்த்த சூரியனிடம் சண்டை போட்டாள். அவள் வாய்க்குப் பயந்து, சூரியன் தன் கடைக்குட்டியைத் தருவதாக ஒப்புக்கொண்டான். அதன் பெயர் பிழம்பு.

"மழைத்துளிதான் இவனுக்குத் தீனி. துருத்தி ஊதினால் சூடு ஏறும். ஆனால் எந்தச் சுவரிலும் படக்கூடாது. பட்டால் சுவரும் உருகும், இவனும் அவிந்துபோவான்" என்றான் சூரியன்.

எதிலும் படாமல் நெருப்பை எங்கே வைப்பது? மலைக்குகையில் எட்டுக் காந்தக்கற்கள் இருந்தன. எட்டும் அண்ணன் தம்பிகள். கண்ணுக்குத் தெரியாத இழைகளை வீசி நெருப்பை அந்தரத்தில் நிறுத்த அவர்களால் முடியும். மேலும் கீழும் பக்கங்களிலுமாகப் பாறை விளிம்புகளில் எட்டுப் பேரும் உட்கார்ந்து வளையம் கட்டினார்கள். சூரியன் பிழம்பை அதற்குள் இறக்கிவிட்டான்.

பிழம்பு மிதந்தது. ஆனால் அடங்கவில்லை. அதன் ஓரம் உலைநீர்போலத் தளதளவென்று கொதித்தது. மூக்காயி எவ்வளவு ஊதினாலும் சூடு நிற்கவில்லை. சுவரோ அங்கங்கே உருகி வழிந்தது.

"ஏண்டா, ஒரு நாழிகை சும்மா இருக்கமாட்டியா?"

"நான் என்ன செய்யட்டும் அத்தை? ஓரத்துல சுழி சுழியாக் கிளம்புது. உள்ளேயிருக்கிற சூட்டை அள்ளிக்கிட்டுப் போய்ச் சுவத்துல அடிக்குது. இவங்க கட்டின வளையம் அப்படி."

மூத்த கல்லுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வளையத்துல என்ன குறை? முழுநிலா மாதிரி வட்டம்!"

"கொஞ்சம் நகர்ந்துதான் உட்காருங்களேன், ஐயா" என்றாள் மூக்காயி.

"அழகு கெட்டுப்போயிடும்."

மூன்று நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் பிள்ளையின் கை நீலம் பாரித்துவிட்டதென்று பேச்சி அலறினாள். கல் அப்போதும் வட்டத்தின் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. மூக்காயிக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கல்லை ஓங்கி ஓர் உதைவிட்டாள். அது உருண்டு கீழேயிருந்த சாம்பல் குழிக்குள் விழுந்தது.

ஐயோ, கெடுத்துவிட்டோமே என்று குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

குழிக்குள் கிடந்த கல் அங்கிருந்தே இழைகளைத் தன் பக்கம் இழுத்தது. வட்டம் கீழ்நோக்கி நீண்டது. அடியில் இழைகள் கத்தரிபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு முடிச்சாயின. உடனே பிழம்பின் ஓரம் வாய்க்கால் தண்ணீராகச் சுற்றி ஓடத் தொடங்கியது. தலைதூக்கிய சுழிகளை அந்த ஓட்டம் இழுத்து, நீட்டி, பிய்த்துப்போட்டது. மிஞ்சிக் கசிந்த சூடு சுவருக்குப் போகாமல், கத்தரியின் இரண்டு கால் வழியே சாம்பல் குழியில் இறங்கியது. குகை கதகதத்தது. பேச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"தம்பி சாம்பல்ல கிடக்கிறது எங்களுக்கு அவமானம்" என்று மறுபடி ஆரம்பித்தது மூத்த கல். "அவனை உச்சியில ஏத்து. முடிச்சு மேலே விழட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். முடிச்சு மேலே விழுந்தது. ஆனால் எப்போதும் கீழ்ப்பக்கமே சரிவது பிழம்பின் சுபாவம். முடிச்சு மேலே இருந்ததால், இரண்டு மடங்கு ஊதினால்தான் ஓரம் ஓடுவேன் என்றது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது மூக்காயிக்கு. பிள்ளை மறுபடி சிணுங்கியது.

"போதும்டா சாமி!" அந்தக் கல்லை இறக்கிச் சாம்பல் குழியிலேயே போட்டாள். "இனி அழகு, அவமானம்னு எவனாவது வாயைத் திறந்தா, சம்மட்டியால உடைச்சுச் சல்லியாக்கிடுவேன்."

ஓரம் மறுபடி ஓடியது. பிள்ளை சப்புக்கொட்டிப் பால் குடித்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாக மூக்காயி காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், சூடு வெளியேறாமல் வயிறு முட்ட நிறைந்திருந்த பிழம்பு ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஓர் ஏப்பம் விட்டது. குழிச்சாம்பல் மொத்தமும் அவள் முகத்தில்.

"மன்னிச்சுக்க அத்தை. ரொம்ப நிறைஞ்சா தானா வந்துடுது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று முதல்தான், சூரிய நெருப்பைக் காந்தத்தில் கட்ட நினைக்கிறவர்கள் முழுவட்டத்தை நம்புவதை விட்டார்கள். வளையத்தைக் கீழே இழுத்து, அடியில் இழைகளைக் கத்தரியாக வெட்டவிட்டு, ஓரத்தை ஓடவைக்கிறார்கள். அந்த ஏப்பத்தை என்ன செய்வதென்றுதான் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.