வாய் மூடாத மண் அம்மா

அந்தக் காலத்தில், குளவியும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் மக்காச்சோளம் விளையும் ஒரு தேசத்தில் சித்லாலி என்ற மண்பொம்மைக்காரி இருந்தாள். அங்கே பொம்மை என்றாலே தலைவர் பொம்மைதான். உள்ளே வெறும் கூடு. வெளியே இறகுக் கிரீடம், இறுக மூடிய உதடு. வாயைத் திறந்தால் பெருமை வெளியே ஓடிவிடுமாம்!

அந்த வருஷ அறுவடைத் திருவிழாவுக்குத் தலைவரிடமிருந்து உத்தரவு வந்தது. "முழுநிலாவுக்குள் உடையாத பொம்மை ஒன்று வர வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பு."

சித்லாலிக்குப் பிள்ளை பிறந்து இருபதே நாள். கவலையில் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுது அழுது துவண்டது. பக்கத்துக் குடிசை ஓசெலும் கைக்குழந்தைக்காரிதான். வந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"உன் பிள்ளைக்கே பத்துமோ பத்தாதோ, அக்கா..."

"பேசாம மண்ணைப் பிசைடி. ரெண்டும் குடிக்கும்."

பால் கொடுக்கும்போதெல்லாம் ஓசெல் பாடுவாள். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் பிள்ளைகள் தூங்கின.

முதல் சூளையில் தலைவர் பொம்மை வெடித்தது. இரண்டாவதிலும் வெடித்தது. பக்கத்துச் சுவரில் மண்கூடு கட்டிக்கொண்டிருந்த குளவி சிரித்தது.

"வாசல் வைக்காமல் நான் கூடு கட்டுவேனா? நீ காற்றை உள்ளே அடைத்துச் சுடுகிறாய். சூடு ஏறினால் அது எங்கே போகும்?"

"தலைவர் உடம்பில் ஓட்டை போட்டால் என் தலை போய்விடும், குளவியாரே!"

மூன்றாவது பொம்மையும் செய்து முடித்தாள். கொஞ்சம் மண் மிஞ்சியது. ஊரைவிட்டுப் போனாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவோம் என்று ஓசெலைச் செய்தாள். சம்மணமிட்ட மடியில் இரண்டு பிள்ளைகள். பாடாத ஓசெல் ஓசெலே இல்லையே! ஒரு குச்சியை எடுத்து, உள்கூடு வரை குத்தி வாயைத் திறந்துவிட்டாள். காய்ந்ததும் இரண்டு பொம்மைகளையும் சூளையில் வைத்தாள்.

சூளையைப் பிரிக்கும் அன்று தலைவரே வந்தார். அவருடைய பொம்மை துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் ஓசெல் ஒரு கீறலும் இல்லாமல் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யார் இவள்?"

சித்லாலி பொம்மை மேலிருந்த சாம்பலை ஊதித் தள்ளினாள். "என் பிள்ளையைப் பிழைக்க வைத்தவள், ஐயா."

தலைவர் குனிந்து பொம்மையின் மடியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மூடிய உதடு திறந்தது. "நான் பிறந்த அன்றைக்கே என் தாய் போய்விட்டாள். எனக்கும் யாரோ ஒருத்தி பால் கொடுத்திருக்கிறாள். அவள் பேரைக்கூட நான் கேட்டதில்லை."

அந்தச் சூடு ஆறாத பொம்மையைத் தன் கையாலேயே எடுத்துப்போய்த் திருவிழா மேடையில் வைத்தார். சித்லாலி ஊரிலேயே தங்கினாள். மறுநாள் அவள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். "பிரசவத்தில் என் முதுகைத் தாங்கினவளைச் செய்." "எனக்காகச் சோளம் அரைத்தவளைச் செய்." எல்லாருக்கும் நன்றி சொல்ல ஒருத்தி இருந்தாள்.

அன்று முதல்தான் அந்தத் தேசத்து மண் அம்மாக்கள் சோளம் அரைக்கிறார்கள், பிள்ளைகளை மடியில் வைத்திருக்கிறார்கள், வாயை மட்டும் மூடுவதேயில்லை.