செங்கமலம் வாசல் தெளிச்ச கதை

தெருப் பனியையெல்லாம் வண்டியால தள்ளிக்கிட்டு வந்து அடுத்தவ வாசல்ல குவிச்சிட்டுப் போனியே, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? உன்னைச் சொல்லல கண்ணு. கதையில வர்ற ஒருத்தனைச் சொல்றேன். நீ கண்ணை மூடிக்கிட்டு ம் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி. பேரு செங்கமலம். ஊரு கனடாவுல. மாசக்கணக்கா உறைஞ்சு கிடந்த பனி அப்பத்தான் உருகி ஓடுச்சு. பனி போச்சு, அது மூடி வெச்சிருந்த குப்பை போகல; பனிவண்டிக்காரன் முனையில குவிச்சிட்டுப் போன அழுக்குப் பனிக் குவியலும் போகல. தெருவுல இருந்து வீடு வரைக்கும் கார் ஏறி வர்ற டிரைவ்வே முழுக்க, வழுக்காம இருக்க ரோட்டுல போட்ட ஜல்லி, சேறு, அழுகின இலை. அன்னைக்குன்னு பார்த்து அவ மக பூங்கோதை ஆஸ்பத்திரியில இருந்து பச்சப்புள்ளையோட வர்றா. வயித்துல ஆபரேஷன் தையல். கால் வழுக்கினா அவ்வளவுதான். ம்?

செங்கமலம் காலங்காத்தால பனி வாருற ஷவலோட இறங்கிட்டா. முதல்ல ஜல்லி. சரக் சரக்னு வாரித் தள்ளினா. அப்புறம் இலை. சதக் சதக்னு வழிக்க வழிக்க குமட்டிக்கிட்டு வந்துச்சு. "வீட்டை விலை பேசுறப்பவே இந்தக் கண்றாவி தெரிஞ்சிருந்தா இன்னும் அடிச்சுக் குறைச்சிருப்பேன்"னு முனகிக்கிட்டே வழிச்சா.

ஒருவழியா வாசல் பளிச்சுனு ஆச்சு. அதோட விட்டாளா? பேரப்புள்ள முதல் தடவை வர்ற வாசல், தெளிக்காம விடலாமான்னு வாளி வாளியா தண்ணி கொண்டு வந்து சளப் சளப்னு ஊத்திட்டு, ஆரத்தி கரைக்க உள்ளே போனா. அப்புறம் தட்டோட வெளியே வந்தா...

விர்ருனு குளிர்காத்து. ஊத்தின தண்ணி மொத்தமும் கண்ணாடியா உறைஞ்சு கிடக்கு! ஒரு காலை வெச்சா, சர்ர்ர்! படிக் கம்பியைப் பிடிச்சுத் தப்பிச்சா. அதே நேரம் மருமகன் கார் டிரைவ்வே முனையில வந்து நிக்குது. கதவு திறக்குது. பூங்கோதை ஒரு காலை வெளியே நீட்டுறா, கையில புள்ள.

"இறங்காதடி! காலை உள்ளே இழு!"

"ஏம்மா கத்துற? புள்ள முழிச்சுக்கும்."

"கீழ ஐஸுடி!"

மருமகன் எட்டிப் பார்த்தான். "ஐஸெல்லாம் நேத்தே உருகிடுச்சே அத்தை?"

"நான்தான் வாசல் தெளிச்சேன் மாப்ள. சிரிக்காதீங்க!"

"சிரிக்கல அத்தை." தோள் மட்டும் குலுங்குது.

ம் சொல்லு, தூங்கிட்டியா? அப்போ செங்கமலம் ஊறுகாய்க்கு வாங்கின கல்லுப்புப் பையை மடியில கட்டிக்கிட்டு, படியிலயே உட்கார்ந்துட்டா. இடது கையில ஆரத்தித் தட்டு, வலது கையில உப்பு. வீசுவா, ஐஸ் மொறுக் மொறுக்னு விரிசல் விடும். கொஞ்சம் நகருவா. மறுபடி வீசுவா. புடவை நனைஞ்சு, விரல் மரத்துப் போச்சு. ஆரத்தி மட்டும் தளும்பல. நகர்ந்து நகர்ந்து கார்க் கதவுக்கே போய்ச் சேர்ந்தா. அங்கேயே புள்ளைக்குச் சுத்தினா.

அப்புறம், உப்புல ஐஸ் இளகின தடத்துல மக மெல்ல இறங்கினா. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் புருஷன்.

"தையல் இழுக்குதாடி?"

"இல்லம்மா."

ஒரு அடி. நின்னாங்க. இன்னொரு அடி. சர்ருனு ஒரு சத்தம், செங்கமலத்துக்கு உசுரே நின்னுச்சு. மருமகன் ஷூ வழுக்கினதுதான். அப்புறம் படி. அப்புறம் வலது கால் உள்ளே.

புள்ள வீடு சேர்ந்தாச்சு, கதவு சாத்தியாச்சு, கதையும் படுத்தாச்சு. நீ தூங்கு கண்ணு.

ஏய், குவிச்சவனே, நீ தூங்காத! உன் அழுக்குக் குவியல் இன்னும் அந்த முனையில ஜல்லியைக் கக்கிக்கிட்டு நிக்குது. ஷவலை எடுத்துக்கிட்டு வா. நீ கொட்டினதை நீயே அள்ளு.