ஆடியில் வந்த கவர்

நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது பிலோமினாவின் தட்டச்சுக் கடை. வக்கீல் வைக்காமல் தன் வழக்கைத் தானே நடத்தக் கிளம்பியவர்கள் சுற்றி அலைந்துவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. அப்பா வயதுள்ளவர்களும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாதையனுக்கு ஐம்பத்தெட்டு. தருமபுரிப் பக்கம். புளியில் கொட்டை எடுக்கும் இயந்திரம் ஒன்றைத் தன் மூளையாலும் தன் கையாலும் செய்து பன்னிரண்டு வருடமாக விற்று வருகிறவர். திடீரென்று ஒரு கம்பெனி, அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை தங்களுடையது என்று அவர்மேலேயே வழக்குப் போட்டுவிட்டது. தோற்றால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். தான் பெற்ற பிள்ளையைத் தானே தொடக்கூடாது என்பது போன்ற அக்கிரமம். ஆனால் மனிதர் அசரவில்லை. கம்பெனி காப்புரிமை கேட்பதற்கு நாலு வருடம் முன்பே மாவட்டக் கண்காட்சியில் தன் இயந்திரம் ஓடிய ஃபோட்டோவைப் பத்திரமாக வைத்திருந்தார்.

கார்த்திகை முதல் நாள். தெருவில் பாதிப் பேர் கறுப்பு வேட்டியில் நடமாடினார்கள். மூன்றரை மணி வாக்கில் மாதையன் மூன்றாம் தடவையாகக் கடைக்கு வந்தார்.

"பதில் மனு அறுபத்தோரு பக்கமும் முடிஞ்சுது டீச்சர். பல்சக்கரம் படம் ஒண்ணுதான் சரியா வரல. ஊருக்குப் போய் வரைஞ்சு அடுத்த வாரம் கொண்டாந்துடறேன்."

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"தொண்ணூத்திரண்டு. இன்னும் இருபத்தெட்டு கெடக்கு."

இந்த மாதிரி வழக்கில் சம்மன் வந்த முப்பது நாளில் பதில் மனு தர வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு மனுவும் சேர்த்துக் கொடுத்தால் நூற்றிருபது நாள் வரை தாங்கும். அதற்குமேல் ஒரு நாள் போனாலும், நீதிபதியே இரக்கப்பட்டாலும் வாங்க முடியாது. முதல் தடவையே டீச்சர் இதைச் சொல்லியிருந்தாள். மாதையனும் நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

"சம்மன் வந்த கவர் எங்க?"

போன இரண்டு தடவையும் இதையேதான் கேட்டாள். உள்ளே இருந்ததை முழுசாகக் கொடுத்த பிறகு வெறும் கவரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாளே என்று அவருக்குச் சிரிப்பு. இன்று மறக்காமல் கொண்டு வந்திருந்தார். பையின் அடியிலிருந்து எடுத்து நீட்டினார். ஒரு மூலையில் குங்குமம் அப்பியிருந்தது.

அவள் தபால் முத்திரையைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டு வாங்கினது யாரு?"

"எங்க வீட்டுல, சாலம்மா. ஆடி மாசத்துல கோர்ட்டுக் கவரைப் பிரிக்கக் கூடாதுன்னு மாரியம்மன் படத்துக்குப் பின்னால சொருகி வெச்சுட்டா. ஆவணி ஒண்ணு தேங்கா உடைச்சுத்தான் பிரிச்சேன்."

"உங்க வீட்டம்மா வாங்கினது ஆடி நாலு."

மாதையனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு விரல்களை மடக்கி எண்ணினார். ஆடி நாலிலிருந்து ஆவணி ஒன்றுக்கு இருபத்தெட்டு. தொண்ணூற்றிரண்டும் இருபத்தெட்டும். மறுபடி எண்ணினார். வேறு எண் வரவில்லை.



"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். நாலே முக்காலுக்கு மனு வாங்கற கவுண்டரை மூடிடுவாங்க."

"நான் படிக்கவே இல்லியே டீச்சர்! நான் படிக்காத நாளை எப்படி என் தலையில கட்டலாம்?"

"தபால்காரர் தட்டினது உங்க வீட்டுக் கதவைத்தானே?"

 அவர் அழாத குறையாக, "அந்தப் படம் தப்பு டீச்சர். தப்பான படத்தைக் குடுத்தா என் மிஷினையே பொய்ம்பாங்க. உண்மையை அரைகுறையாச் சொல்லச் சொல்றீங்களா?" என்றார்.

பிலோமினா எழுந்துபோய்ப் பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மேலிருந்து கீழ்வரை கட்டுக் கட்டாகக் காகிதம். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் ஓர் எண். 134. 122. 150. 121.

"என்ன இதெல்லாம்?"

"பதில் மனு. ஒண்ணுலயும் குறை கிடையாது. படமெல்லாம் அச்சு மாதிரி இருக்கும். கவுண்டர்ல வாங்க மாட்டேன்னதும், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக மனசில்லாம இங்க வெச்சுட்டுப் போனாங்க."

மாதையன் எழுந்து பீரோவுக்குப் பக்கத்தில் போனார். இத்தனை பேரா! இத்தனை பேரும் ராத்தூக்கம் கெட்டு எழுதியிருப்பார்களே! கை தானாகப் போய் மேலே இருந்த கட்டைத் தொட்டது. கட்டிய நூல் பழுப்பேறியிருந்தது. எண் 121. ஒரே ஒரு நாள் பிந்தியது. பிரதிவாதியின் பெயரைப் படித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிலோமினா.

திரும்பிப் பார்த்தார். அவள் அவருடைய அறுபத்தோரு பக்கத்துக்கு மேலே, முன்பே தட்டி வைத்திருந்த மன்னிப்பு மனுவை வைத்து, துளையிட்டு, நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. ஓடுங்க."

தப்பான பல்சக்கரத்தோடு மாதையன் ஓடினார்.  நாலு நாற்பத்தொன்றுக்கு அவர் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டினார், முத்திரையைக் குத்தி எண் போட்டார், "ஒரு படம் சரியில்ல பெரியவரே, அடுத்த வாரம் வந்து திருத்திக் குடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதானா! மாதையனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைக்குத் திரும்பி வந்து கீழ்ப்படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.  பீரோ இன்னும் திறந்தே இருந்தது.

"உங்க கட்டுல என்ன எழுதியிருந்தீங்க டீச்சர்?"

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"பதினோரு வருஷமாச்சு. அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."