மஞ்சளில் நின்ற ஆறு

"குருவே, விதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. செவப்பு மட்டும் வரமாட்டேங்குது."

தலை நரைத்த சீடர் தணிகைவேல் மூச்சிரைக்க வந்து நின்றார். அவரைவிட வயதில் இளைய குரு மங்களேசுவரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஆற்றங்கரை மடத்தில் கணினி நிரல் எழுதுவதுதான் தவம்.

ஆற்றிலுள்ள கருவி நீர்மட்டத்தை வெறும் எண்ணாக, எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவில் அனுப்பும். அது வலைப்பக்கமாக மாறும்போது என்ன நிறம் பூசுவது என்பதைத் தணிகைவேலின் விதிகள் சொல்லும். பச்சை என்றால் படகு போகலாம். மஞ்சள் என்றால் பார்த்துப் போகலாம். சிவப்பு என்றால் ஒரு படகும் துறையை விட்டு அசையக் கூடாது. படகோட்டிகள் வானத்தை நம்பமாட்டார்கள், அந்தப் பக்கத்தைத்தான் நம்புவார்கள்.

"தண்ணி இருபத்திரண்டு அடி. இருபதைத் தாண்டினா செவப்புன்னு எழுதியிருக்கேன். பக்கம் மஞ்சளாவே நிக்குது. என் தம்பி படகுல ஆள் ஏத்திக்கிட்டிருக்கான்."

"போகவேண்டாம்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். மஞ்சள்தானேண்ணே, பாத்துப் போய்க்கிறேங்கிறான்."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

"விதிகளை எங்கிட்ட குடுங்க. வெளியே போயி, நீங்கதான் அந்த ஆறுன்னு நெனச்சுக்கிட்டு உள்ளே வாங்க."

விளையாட இதுதானா நேரம் என்று தணிகைவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் போனார், வந்தார்.

குரு முதல் விதியைப் படித்தார்.

"பத்தடியைத் தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டேன்."

"மஞ்சள். போகலாம்."

"இருங்க! நான் இருபதையும் தாண்டினவன். அடுத்த விதியைக் கேளுங்க!"

"எதுக்கு? முதல் விதியிலேயே உங்களுக்குப் பதில் கிடைச்சிடுச்சே."

தணிகைவேலுக்குப் புரிந்தது. கணினிக்கு ஓடினார். இரண்டாவதாகக் கிடந்த சிவப்பு விதியைத் தூக்கி மஞ்சளுக்கு மேலே வைத்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பக்கம் கோவைப்பழமாய்ச் சிவந்தது.

கைபேசி அடித்தது. தம்பிதான்.

"அண்ணே, செவந்திருச்சு. எல்லாரையும் எறக்கிட்டேன்."

தணிகைவேல் சன்னல் வழியே பார்த்தார். கரை தெரியாமல் ஆறு போய்க்கொண்டிருந்தது. இதையா மஞ்சள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார். தன்னையறியாமல் கைகூப்பினார்.

"குருவே, இவ்வளவு பெரிய ஆறு, என் ரெண்டாவது விதி கேக்கட்டும்னு மஞ்சள்லயே நின்னுக்கிட்டிருந்ததா?"

குரு மறுபடியும் கீரையை எடுத்தார்.

"ஆறு எங்கே நின்னுச்சு?" என்றார்.